அடியிலிருந்து எடுக்கும் குலுக்கல் அக்கா

ஒரகடம் தொழிற்பேட்டையில் ஓடுகிற அத்தனை புரொடக்‌ஷன் லைனையும் நிறுத்திவிட்டுத் தேடினாலும் குலுக்கல் அக்கா மாதிரி ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் கிடைக்க மாட்டார். நம்பர் எழுதிய தம்போலா வில்லைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். எதைச் சோதித்தாலும் டப்பாவைக் குலுக்கி, வந்த நம்பரில் இருப்பதைத்தான் எடுப்பார். மேலாக இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற வழக்கமே கிடையாது.

படப்பையில் ஒரு ரிசப்ஷன். பிரியாணி அண்டாவில் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினார். சமையல்காரர் பதறிப்போனார்.

“மேல முந்திரி நல்லாத்தான் கீது. அடில இன்னா கீதுன்னு பாக்க வேணாவா?”

தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. “ஒரு நாள் கேசரிய வச்சு முடிவு பண்ணாதீங்க. வேற வேற நாள்ல வந்து பாருங்க” என்று வில்லை எடுத்துத் தேதி குறித்துக் கொடுத்தாராம். எல்லாத் தேதிக்கும் சலிக்காமல் வந்த ஒரே மனிதரைத்தான் கட்டிக்கொண்டார்!

நான் அப்போது அக்காவின் கம்பெனியிலேயே லேத் மெஷினில் டிரெயினி. வேலை நிரந்தரமாகுமா, ஊருக்கு மூட்டை கட்டுவதா என்று முடிவாகிற வாரம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, நான் கடைந்து போட்ட புஷ் என்கிற உலோக வளையங்களில், பெட்டியில் மேலாகக் கிடந்த ஐந்தை எடுத்துப் பார்த்தார். ஐந்திலும் பிசிறு.

“பெட்டி மொத்தமும் ஸ்கிராப்பு! நாளைலேந்து வராதப்பா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அக்கா டப்பாவோடு வந்துவிட்டார்.

“இன்னா சார், கடைசியா போட்டதுதானே மேல கெடக்கும்? அத்த மட்டும் பாத்தா எப்டி?”

மேலிருந்து கீழ்வரை வரிசை மாறாமல் புஷ்களை டிரேக்களில் அடுக்கி, நம்பர் போட்டு, டப்பாவைக் குலுக்கினார். முதல் தடவை ஐந்து எடுத்ததில் ஒன்று சொத்தை. அடுத்த தடவை ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்து இரண்டு.

சூப்பர்வைசர் எகிறினார். “இன்னாம்மா, தடவைக்கு ஒண்ணு சொல்ற?”

“அப்டித்தான் சார் வரும். ஒரு தடவைய நம்பாதீங்க. நெறைய தடவ எடுத்துக்கினே இருந்தா எந்தப் பக்கம் சுத்தி சுத்தி வருதுன்னு தெரியும்.”

குலுக்கிக்கொண்டே இருந்தார். சொத்தை அத்தனையும் மேல் டிரேயிலிருந்துதான் வந்தது. மெஷினைப் பார்த்தால், வெட்டுகிற முனை மழுங்கிக் கிடந்தது; கடைசி நேரத்தில்தான் மழுங்கியிருக்கிறது. அந்த டிரேயை மட்டும் ஒதுக்கி, மற்றதையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். என் வேலையும் தங்கியது.

“உன்னையும் நாலு நாள் பாத்துட்டுத்தான்டா பேசறேன். போய் மூஞ்சி கழுவு” என்றார் அக்கா.

போன ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தோடு பந்திக்கு ஓடிப்போய், அண்டாவை அடிவரை கிளறி, அக்காவுக்கு நானே பரிமாறினேன்.