எண்ணெய்க் குளியலும் கண்ணசைவுக் கருவியும்

நான் அறிவியல் பட்டதாரி. இதை அடிக்கடி நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் செயல்களைப் பார்த்து யாரும் கண்டுபிடிப்பதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். லாரி ஓட்டுநர்கள் சாலையில் எங்கெங்கே பார்க்கிறார்கள் என்று கண்டறிவதுதான் வேலை. கண்ணோரங்களில் சின்ன உலோக வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவோம். கண் அசைந்தால், ஓடும் காகிதத்தில் பேனா ஏறி இறங்கிக் கோடு போடும். தலை ஆடாமலிருக்க மோவாய்க்கு ஒரு தாங்கி, நெற்றிக்கு ஒரு பட்டை.

டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் ஆராய்ச்சி நீடிக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் இரண்டும் இல்லை. இப்படிப்பட்ட நாளுக்கு நான் தேர்ந்தெடுத்த ஓட்டுநர், கள்ளிக்குப்பத்திலிருந்த என் அக்கா கணவர் ஏழுமலை.

முதல் நாள் மாலை பார்க்கப் போனேன். ஆந்திராவுக்கு லோடு அடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"இன்னா மாமா, கண்ணு இப்படிச் செவந்து கீது? டெல்லிக்காரங்க பயந்துடுவாங்க. காலைல எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வாங்க."

"நீ சொன்னா சரி மச்சான். படிச்சவன்."

(கருவிக்குக் கண்ணின் நிறத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. அதற்கு வேண்டியது எண்ணெய்ப் பசையில்லாத தோல். இந்தப் பாடத்தை வருவோர் போவோருக்கெல்லாம் நடத்தியது சாட்சாத் நானேதான்!)

மறுநாள் மாமா பளபளவென்று வந்தார். ஒட்டிய வில்லைகள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வழுக்கி இறங்கின. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், மறுபடியும் இறங்கின. குழுவினர் படியேறும் சத்தம் கேட்டதும் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தார்.

விளக்கை அணைத்துத் திரையில் சாலைப் படத்தை ஓட்டினோம். ஏ.சி. ஜில்லென்றிருந்தது. எண்ணெய்க் குளியலுக்கு மேல் அக்கா பொங்கல் வேறு போட்டு அனுப்பியிருந்தாள். பேனா முதலில் துடிப்பாக ஓடியது. பிறகு சோம்பலாக அசைந்தது. பிறகு நேர்க்கோடு.

"கவனியுங்கள்," என்றார் ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் பெருமையாக. "அனுபவமுள்ள ஓட்டுநரின் நிதானமான பார்வை!"

திரையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. கோடு அசையவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று வந்தது. அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் குறட்டை கேட்டது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். மாமாவின் தோளைத் தட்டினேன்.

தாங்கியிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: "ஆவடி வந்துடுச்சா?"

அந்த மாதக் கடைசியில் ஆராய்ச்சியும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. மாமா ரொம்பவே வருந்தினார். அந்த வருத்தத்தை இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்லாமல் விட்டதில்லை.

"எங்க மச்சான் மாதிரி வராதுபா. மாமன் வண்டி ஓட்டிக் களைச்சுப் பூட்டாருன்னு ஏ.சி. ரூமு புடிச்சு, மோவாய்க்கு முட்டு குடுத்து, நான் தூங்கறதைப் பாக்க டெல்லிலேர்ந்து ஆளையும் வரவழைச்சான்!"