கப்பலுக்கு நாலு எல்லை

கண்டக்குழி,
சனிக்கிழமை, அஸருக்கு முன்.

மதிப்புக்கும் மரியாதைக்கும், சில நேரம் என் கோபத்துக்கும் உரிய மச்சான் அல்ஹாஜ் ஃபாஹிம் அவர்கட்கு, ஓய்வுபெற்ற கிராம சேவகர், ஊர் வாயில் இன்னும் விதானையார், ஹயாத்து முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். கட்டாரில் வெயில் கடுமை என்று டீவியில் சொன்னார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கவும். உங்கள் தங்கச்சி, என் மனைவி ஸுலைஹாவுக்குப் போன மாதம் வலது முழங்காலில் இருந்த வலி இந்த மாதம் இடது முழங்காலுக்கு இடமாற்றம் பெற்றிருக்கிறது. வேறு விசேஷமில்லை என்று எழுதலாம் என்றால், இருக்கிறது.

நான் கப்பல் வாங்கிவிட்டேன். பாய் விரித்து ஓடுகிற கப்பல். இதை வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முக்கியமான விஷயத்தைத் தாளில் எழுதிக் கையொப்பம் வைக்காமல் விடுவது முப்பத்தொரு வருடம் சேவை செய்தவனுக்கு அழகல்ல, அதோடு என் ஃபோன் பாதி நேரம் உங்கள் தங்கச்சியின் கையில்தான் இருக்கிறது. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் வாங்கிய குர்பான் ஆட்டுக்கு ஒரு கண் தெரியாது என்பதை வீடியோ கோலிலேயே கண்டுபிடித்து, "மச்சானுக்கு ஆட்டுல முன்பக்கம் எது, பின்பக்கம் எதுண்டே தெரியாது" என்று குடும்பத்துக்கே கேட்கச் சிரித்தீர்களே, அந்த மச்சான்தான் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, குறைநிறை எல்லாம் பார்த்து, மூன்று தரம் விலை இறக்கி, ஒரு முழுக் கப்பலை வாங்கியிருக்கிறேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வாசிக்கவும்.

எதற்காக வாங்கினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கிருக்கிறது. மருமகன் ரிப்கான் டொல்பின் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஃபைபர் படகு ஓட்டுகிறான், பெற்றோல் விற்கிற விலையில் டொல்பினுக்கு வயிறு நிறைகிறதே தவிர இவனுக்கு நிறைவதில்லை. அதைக் கேள்விப்பட்டு நீங்கள் நல்ல மனதோடு அவனுக்கு ட்ரைவர் விசா ஒன்று ஒழுங்கு செய்தீர்கள். குற்றம் சொல்லவில்லை. ஆனால் விசா வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். அவன் போனால் மகள் நிஸ்ரின் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மதுரங்குளியில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். பேத்தி ஷிம்லாவுக்கு மூன்று வயது, காலையில் நான் பேப்பர் விரித்தால் அதன் மேலே ஏறி உட்காருவாள், நான் செய்தி வாசிக்காமல் எட்டு மாதம் ஆகிறது. அவள் இல்லாமல் பேப்பரை முழுதாக வாசிக்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம். இதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் நம் ஊரில் ஆறு வருடமாக லொட்ஜ் நடத்துகிற ஒல்லாந்துக்காரர் ஹென்றிக் ஊருக்குத் திரும்பப் போகிறார், கடலேரிப் பக்கம் அவர் வளவில் முட்டுக்கட்டைகளில் நிற்கிற கப்பலை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். காற்றில் ஓடுவதற்குப் பெற்றோல் வேண்டாம், நம் கற்பிட்டிக் காற்றைத் தேடி உலகமே வருகிறது, டொல்பினும் சத்தமில்லாமல் வருகிற படகைத்தான் விரும்பும். ரிப்கானிடம் கேட்டேன். "காத்துக்கு யாரும் வரி போடல்லதான் மாமா" என்றான். அது சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஹென்றிக் விலையைச் சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு ஓஃபர் கொடுங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான், நீங்களே சொல்லுங்கள், புத்தளம் டவுனில் பெருநாளைக்கு எந்தத் துணிக்கடையில் போய்ப் பார்த்தாலும் ஓஃபர் போடுவது கடைக்காரனா, சாரம் வாங்கப் போன நாமா? "நான் வாங்க வந்தவன், ஓஃபர் நீங்கள்தான் போட வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். "இல்லை, முதலில் நீங்கள்" என்றார். "முறைப்படி நீங்கள்" என்றேன். இப்படியே மூன்று நாள். நான் காலையில் போய் அவர் தரும் கறுப்புக் கோப்பியைக் குடித்துவிட்டு, ஓஃபர் போட்டாயிற்றா என்று கேட்பேன், அவர் என்னை உற்றுப் பார்ப்பார், நான் கப்பலைப் பார்ப்பேன். நாலாம் நாள் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு விலையைத் தானாகவே இறக்கினார். பெருநாள் நெருங்க நெருங்க ஓஃபர் கூடும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே, ஆகவே நான் "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லுஹருக்கு எழும்பி வந்துவிட்டேன். மறுநாள் இரண்டாம் தரம் இறக்கினார். இவ்வளவு இறுக்கமாகப் பேரம் பேசுகிற ஆளை ஏழு கடலிலும் காணவில்லை என்று ரிப்கானிடம் சொன்னாராம். நான் பேரமே பேசவில்லை என்பதுதான் இதில் உள்ள நுட்பம்.

விலைக்கு நான் தலையசைத்ததும் அவர் ஒரு தாளை எடுத்து, வாங்குகிறவர் சர்வே செய்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் விற்பனை முடிவு என்று எழுதினார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மதிப்பே வந்துவிட்டது. சர்வே இல்லாமல் வாங்கிய காணிகளால் எத்தனை அண்ணன் தம்பிகள் என் ஒஃபீஸ் வாசலில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஆகவே சிலாபம் பக்கம் போய், எனக்குப் பழக்கமான லைசன்ஸ் உள்ள சர்வேயர் அன்ரனிப்பிள்ளையை, முக்காலி, தூரக்கண்ணாடிக் கருவி, அளவுச் சங்கிலி எல்லாவற்றோடும் கூட்டிவந்தேன். என்ன அளக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சர்வேயர் என்றால் அளப்பார்.

ஹென்றிக்கின் வளவில் இறங்கியதும், "காணி எங்க விதானையார்?" என்றார். நான் கப்பலைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது தோணியெல்லோ."

"ஓம்."

"தோணிக்கு எல்லை எங்க இருக்கு?"

"அதக் கண்டுபிடிக்கத்தானே உங்களக் கூட்டி வந்த."

அவர் திரும்பிப் போயிருப்பார், ஆனால் வழியில் நம் வீட்டில் உங்கள் தங்கச்சியின் கையால் புரியாணி சாப்பிட்டிருந்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாத மனிதர். முக்காலியை ஊன்றினார். வடக்கே கடலேரி, கிழக்கே தென்னை இரண்டு, தெற்கே கோழிக்கூடு, மேற்கே பாதை என்று நாலு எல்லையும் எழுதினார். ஹென்றிக் வாசலில் நின்று, இப்படி ஒரு கப்பல் சர்வேயைத் தன் நாட்டில்கூடக் கண்டதில்லை என்று ஃபோனில் படம் பிடித்தார். அளந்து முடித்ததும் விஸ்தீரணம் முக்கால் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு என்று வந்தது. நீளத்தில்தான் பிரச்சினை. ஹென்றிக் இருபத்தெட்டு அடி என்றார், சங்கிலி இருபத்தேழு அடி நாலு அங்குலம் என்றது. நான் விடவில்லை. "மிச்சம் எட்டு அங்குலம் எங்கே? பக்கத்து வளவுக்காரர் யாரும் வேலியைத் தள்ளிப் போட்டாரா?" என்று கேட்டேன். மூக்கில் இருக்கிற கம்பியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்று அவர் விளக்கம் சொல்லி வியர்த்துப்போனார்.

இனித்தான் விஷயம் இருக்கிறது. அன்ரனிப்பிள்ளைக்கு ஒரு குணம், கண்ணில் படுகிற எதுவும் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கருவியைத் திருப்பிப் பாய்மரத்தைப் பார்த்தார். பிறகு கப்பலில் ஏறி, மட்டப்பலகையைத் தளத்தில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"விதானையார், மரம் நிக்கிற இடத்துல தளம் ஒண்டரை அங்குலம் கீழ இறங்கி இருக்கு."

நான் அதை ஹென்றிக்கிடம் சொன்னதும், முட்டுக்கட்டை சரியில்லாததால் கப்பல் சரிந்திருக்கும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அன்ரனிப்பிள்ளை தலையை ஆட்டினார். "சரிஞ்சா முழுத் தளமும் சரியோணும். இது நடுவுல மட்டும் குழி. கிணத்தடி நிலம் தாழ்ந்த மாதிரி." எங்களோடு வந்திருந்த ரிப்கான் உள்ளே இறங்கி, அடிப்பலகையைக் கழற்றி, பாய்மரத்தைத் தாங்குகிற கட்டையில் கத்தியால் குத்தினான். கத்தி பாண் ரொட்டிக்குள் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. முழுக்க உக்கல். அந்தக் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோய் ஒரு நல்ல காற்றில் பாய் விரித்திருந்தால் மரம் அடியைப் பிளந்துகொண்டு இறங்கியிருக்கும், என் மருமகன் அதில் இருந்திருப்பான். ஹென்றிக்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது, நேர்மையான மனிதர், அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி, நான் ஒரு வார்த்தையும் கேட்காமலே மூன்றாம் தரம் விலையை இறக்கினார், அதோடு மேலதிகப் பாய் ஒன்றையும் தந்து, தான் ஊருக்குப் போகும்வரை ரிப்கானுக்குப் பாய் பிடிக்கச் சொல்லித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். தேர்ச்சி பெற்ற கப்பல் நிபுணன் ஒருவன் வந்திருந்தால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பான். நாங்கள் நாலு எல்லையோடு பிடித்தோம்!

வண்ணாத்திவில்லுவிலிருந்து நல்ல வைரமான மரம் கொண்டுவந்து புதுக் கட்டை வைத்தாயிற்று. அன்ரனிப்பிள்ளை மறுபடி வந்து மட்டம் பார்த்து, "இப்ப நிமிர்ந்து நிக்குது" என்று பிளானில் எழுதி முத்திரை குத்தினார். நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு கப்பலைக் கடலேரியில் இறக்கினோம். பாய் விரிந்ததும் ஒரு சத்தமும் இல்லை மச்சான். எஞ்சின் இல்லை, புகை இல்லை, தண்ணீர் பலகையில் உரசுவது மட்டும் கேட்டது. ரிப்கான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பல் எல்லாம் தெரியச் சிரித்தான், கலியாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. கரையில் ஷிம்லா "வாப்பா கப்பல்! வாப்பா கப்பல்!" என்று குதித்தாள். நான் அழுதேன். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே மச்சான், அந்த விசாவைத் தேவையுள்ள வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். உங்கள் உதவியை நாங்கள் மறக்கமாட்டோம், பிழையாக எடுக்கவும் வேண்டாம். ரிப்கான் இங்கேதான் இருப்பான். அவனை நிறுத்தியது நான்தான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். மேற்கூறிய யாவும் என் அறிவுக்கு எட்டிய வரையில் உண்மையென இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நல்ல முதலாளியையும், பழுதாகாத ஏசியையும் அல்லாஹ் தருவானாக. உங்களோடு அறையில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஸலாம். 

இப்படிக்கு,
கப்பல் உடைய உங்கள் மச்சான்,
ஹயாத்து முகம்மது
(ஒப்பம்)

பின்குறிப்பு: நான் அஸர் தொழப் போன நேரத்தில் உங்கள் தங்கச்சி இந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "விசாவ யாருக்குக் குடுக்கச் செல்றீங்க? அது எப்பயோ குடுத்தாச்சே" என்றாள். விசா வந்த அன்று மத்தியானமே ரிப்கான் அவளிடம் போய், "மாமி, எனக்குப் போக விருப்பமில்ல, ஷிம்லாவ உட்டுட்டு இருக்கேலா" என்று சொன்னானாம். அவள் அப்போதே உங்களுக்குக் கோல் எடுத்தாளாம். நீங்கள் அதே கிழமை அதை மதுரங்குளி ஆள் ஒருவருக்குக் கொடுத்து, அவர் கட்டாருக்கு வந்து இரண்டு மாதச் சம்பளமும் எடுத்துவிட்டாராம். நிஸ்ரினுக்குத் தெரியும். ஹென்றிக்குக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பென்ஷன் எடுத்த நாள்ல இருந்து அடுத்த வீட்டு வேலிக் கம்ப எண்ணிக்கிட்டிருந்தீங்க. கப்பல் கதை வந்தப் பொறவுதான் நேரத்துக்குச் சாப்பிட்டீங்க. அதக் கெடுப்பானேன்?" என்றாள். எனக்குக் கோபம்தான். ஆனால் ஒன்று, நான் ஐந்து வேளையும் துஆவில் கேட்டது கப்பல் அல்ல, அவன் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான். நான் கேட்பதற்கு முதலே அது நடந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஒரே ஒரு உபகாரம் செய்யவும்: அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டினால், கையொப்பத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.