குழியருகே நான் கூட்டிய கூட்டம்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கூட்டம் கூட்டியிருக்கிறேன். அதற்கு வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே வந்தார்கள். மீதிப் பேர் வந்தபின் அழுதார்கள்.

பல்கலைக்கழகத்தில் என் பாடம் இலக்கியம். ‘கிராம அபிவிருத்தியும் விவசாய விரிவாக்கமும்’ என்பதைத் துணைப்பாடமாக எடுத்தது பிடிவாதத்தால். (“பயித்தங்காய்க்கு வெண்பா பாடப் போறியா?” என்று விடுதித் தோழிகள் கேட்டதே அப்பிடிவாதத்துக்குக் காரணம்.) செய்முறைப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ளோருக்குக் கூட்டெரு செய்துகாட்ட வேண்டும். நான் ராகலைக்கு அப்பால், என் தந்தை ஆசிரியராயிருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவர், நல்லவர், ஆனால் பட்டியல்களை நம்புபவர்.

“பிள்ளை, தோட்டம் கிராமம் இல்லை. பட்டியலிலை கிடையாது.”

“அங்கே மக்கள் இருக்கிறார்கள், சேர்.”

“வேலைநாளிலை உன்ரை கூட்டத்துக்கு ஆர் வரப்போகினம்? சரி, புதன்கிழமை மூண்டு மணிக்கு வந்து பாக்கிறன். அம்பது பேர் நிண்டால் பாஸ். இல்லையெண்டால் சைபர். பிறகு தோட்டத்தைப் பற்றி என்னோடை கதைக்கக்கூடாது.”

நான் அதிகம் பேசாதவள். கோபம் வந்தால் குறிப்பேட்டில் எழுதுவேன். அன்று எழுதியது ஒரே சொல்: ஐம்பது.

தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்குப் பின்னால் நானே மண்வெட்டி பிடித்து இரண்டு நாள் குழி வெட்டினேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம்; பாடநூல் அளவு பிசகவில்லை. புதன்கிழமை, பட்டப்படிப்புக்கு ஏற்றதென்று நான் நம்பிய வெள்ளைச் சேலை உடுத்து, சாக்குகளில் கட்டிவைத்த இலைதழை, சாணத்தின் நாற்றத்துக்கு அஞ்சிக் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி குழியருகே நின்றேன்.

மக்களை அவர்களுக்குப் பழகிய வழியிலேயே அழைக்க வேண்டும் என்றது பாடநூல். எனவே பெரியசாமியை வரவழைத்தேன். விடியுமுன் தப்புப் பறையடித்து, எல்லோரையும் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைப்பவர் அவர்தாம்.

“எந்த அடிங்க பாப்பா?” என்றார்.

“எல்லா மலைக்கும் எட்டும் அடி எதுவோ, அதை அடியுங்கள்.”

அவர் குழியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். தலைத்துண்டை மெல்ல அவிழ்த்தார்.

“யாருங்க பாப்பா?”

வரப்போகிறவர் யார் என்கிறார் என்றெண்ணி, “எங்கள் விரிவுரையாளர்,” என்றேன்.

“அடக் கடவுளே! எப்ப வராருங்க?”

“மூன்று மணிக்கு. காரில்.”

“நல்ல மனுசனுங்களா?”

“கொஞ்சம் கண்டிப்பானவர்,” என்றேன், துல்லியம் கருதி.

“இந்த நேரத்துல அப்புடிச் சொல்லாதீங்க பாப்பா. நல்லபடியா அனுப்பி வைப்போம்.”

மலையக விருந்தோம்பலை எண்ணி என் நெஞ்சு நிறைந்தது.

அசையும் சீரும் பிரித்து ஓசையில் குற்றம் காணத் தெரிந்த எனக்கு, தப்பில் பெரட்டுக்கு ஓர் அடியும் சாவுக்கு வேறோர் அடியும் உண்டென்பது தெரியாது. (பிறந்தது தோட்டத்தில், ஒன்பது வயது முதல் வளர்ந்தது ஹட்டன் விடுதியில்.) எல்லா மலைக்கும் எட்டுவது சாவுக்கான அடி ஒன்றுதான்; பெரியசாமி அதையே அடித்தார். சாவு விழுந்தால் கொழுந்து பறிக்கும் கை நின்றுவிடும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாலும் மாற்ற முடியாத வழக்கம் அது.

மூன்று மலைகளிலிருந்தும் மக்கள் இறங்கினார்கள். முதுகில் கூடையோடு பெண்கள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள். முன்னால், தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி, தோட்டத்திலேயே கூரிய நாக்குடைய கொழுந்துக்காரி ராக்கம்மா. நான் எண்ணினேன். ஐம்பதைக் கடந்தது. நூற்றையும் கடந்தது. வெற்றிக் களிப்பில் மனனம் செய்திருந்த உரையைத் தொடங்கினேன்.

“பெருமதிப்பிற்குரிய தோட்டப் பெருமக்களே! இன்று நாம் இங்கே புதைப்பது வீண்போகாது. ஆறே மாதத்தில் மக்கி, நம் தோட்டத்துக்கே உரமாகும்.”

ஒப்பாரி வெடித்தது. அந்நேரம் பார்த்து விரிவுரையாளரின் கார் வந்து நின்றது. பெரியசாமி கைகாட்ட, பெண்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“படிச்ச மகராசா, மலையேறி வந்தீகளே! மண்ணுக்கா வந்தீக!” என்று ராக்கம்மா கார்முகப்பில் அறைந்து அழுதாள். கதவு திறந்தது. விரிவுரையாளர் இறங்கினார்.

“ஏன்டி, இவரு நடக்குறாருடி!”

“அப்ப குழி யாருக்குங்க பாப்பா?” என்று பெரியசாமி என்னிடம் கேட்டார்.

“இலைதழைக்கும் சாணத்துக்கும்,” என்றேன்.

பிறகு மலைமலையாய்ச் சிரிப்பு. ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். “இந்த மலையில மழ பேஞ்சா இது கெணறு. எருவ மேட்டுல குவிக்கணுங்க பாப்பா. வந்தது வந்துட்டோம், வாங்கடி.” கால்மணி நேரத்தில் என் இலைதழையும் சாணமும் குழிக்கு வெளியே அழகிய குவியலாயின. செய்துகாட்ட வந்தவள் நான், குறிப்பெடுத்தவளும் நானே.

அதற்குள் பெரிய துரை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நின்றுபோன வேலைக்கு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தப்படித்தவனுக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பும்படி கணக்கப்பிள்ளைக்குக் கட்டளையிட்டார். பெரியசாமி தப்பைக் கீழே வைத்தார்.

“அடிக்கச் சொன்னவள் நான்,” என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் அவ்வளவு உரத்தது என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.

“அப்படியானால் எழுத்தில் மன்னிப்புக் கேள்,” என்றார் துரை. விரிவுரையாளர் என் காதருகே, “எழுதிக் குடு பிள்ளை, பிரச்சினை வேண்டாம்,” என்றார். எழுதினேன்: ‘அவர் என் சொற்படி அடித்தார். ஐம்பது பேரைக் கேட்டார்கள். அழைத்தேன், தோட்டமே வந்தது. வருந்துவதற்கு ஒன்றும் காணேன்.’ துரையின் தயவில் வேலை பார்த்த என் தந்தை அதை இருமுறை வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதைப் படித்த துரை கட்டளையைத் திரும்பப் பெற்றார்; பெரியசாமி வேலையில் தொடர்ந்தார். கூட்டம் கூட்ட எனக்கு மட்டும் அந்தத் தோட்டத்தில் ஆயுள்தடை. விரிவுரையாளர் பாஸ் போட்டார். ‘கிராமத்தின் பெயர்’ என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரைத் தம் கையாலேயே எழுதினார்.

இன்றும் வீட்டில் நான் ஏதேனும் சொல்ல எழுந்தால், “யாருங்க பாப்பா?” என்று அண்ணன் துண்டை அவிழ்க்கிறார். ராகலை பஸ் நிறுத்தத்தில் கண்டால் பெரியசாமியும் அதையே கேட்பார். ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்வேன். சென்ற வாரம், “பெரிய துரை,” என்றேன்.

“அப்ப ஒரக்கவே அடிச்சிருவோங்க,” என்றார்.