கடைசி ஊர்வலத்தின் முதல் கார்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டின் நட்டு அசையமாட்டேன் என்றது. வெர்லின் சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டார். நட்டு அப்படியே இருந்தது. கட்டைவிரல்தான் வீங்கியது.

"ஏங்க, சனிக்கிழமை அடக்கம். இப்பப் போய் காரைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே, புத்தி இருக்கா?" என்றாள் நார்மா. இழவு வீட்டுக்குக் கொண்டுபோக நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தவள், கரண்டியோடு ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"கிளெமோட கடைசி ஆசைடி. என் கார்தான் முன்னால போகணுமாம். அவன் பொண்டாட்டி ஜூனி போன்ல அழுதுக்கிட்டே சொன்னா. நான் என்ன பண்ண?"

இண்டியானாவில் அவர்களுடைய பழைய கார் சங்கத்தின் வழக்கம் அது. உறுப்பினர் செத்தால் சங்கத்துக் கார்களெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். முதல் காருக்குப் பின்னால் அமரர் ஊர்தி. வெர்லினின் அறுபத்திரண்டாம் வருஷத்து செவர்லேயோ, மெதுவாக ஓட்டினால் குளிர்ஜுரம் கண்டதுபோல் முன்பக்கம் உதறும். புற்றுநோயில் அத்தனை பாடுபட்டுச் செத்தவனை இப்படியா அனுப்புவது? மனசு கேட்கவில்லை. முன் சஸ்பென்ஷனையே புதுசாக மாற்றுவது என்று இறங்கிவிட்டார்.

நட்டை அறுத்தெடுத்து, புதுசை மாட்டி, ஜாக்கியை இறக்கினால், கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு டுவேன் எட்டிப் பார்த்தார். அவரும் சங்கத்து ஆள்தான்.

"என்னப்பா, கிளெமை நேரா சொர்க்கத்துக்கே ஏத்திட்டுப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டு வந்து பிடி. ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டணும்."

வெட்டினார்கள். கார் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் வெட்டினார்கள். வலது பக்கம் சாய்ந்தது. மறுபடி இடது. ஒருவழியாகச் சமமானபோது பம்பர் தரையைத் தொடாத குறை. டயர் வேறு மட்கார்டில் உரசியது. தட்டி விரிக்கத் தொடங்கினார்கள். இடது பக்கம் முடிந்தபோதே சனிக்கிழமை விடிந்துவிட்டது; வலது பக்கம் அப்படியே நின்றது.

"வலது பக்கம் திருப்பினா டயர் கிழிஞ்சிடும்" என்றார் டுவேன்.

"அப்ப இடது பக்கமே திரும்புறேன். மூணு தடவை இடது திரும்பினா அதுவும் வலதுதானே?"

"பின்னால பொணம் வருதுய்யா."

"அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

ஊர்வலம் அப்படியே போனது. ஒரே டோனட் கடையை இரண்டு தடவை சுற்றியது. கடைக்காரர் முதல் தடவை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை வெளியே வந்து வழி சொன்னார். நார்மா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். துக்கத்தில் இல்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு சின்ன மேடு. முன்சக்கரம் ஏறி இறங்கியது. வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கிளெம், கிளெமுக்குப் பின்னால் ஊர். ஜாக்கி நுழைக்க இடமில்லை. கறுப்புக் கோட்டுக்காரர்கள் தள்ளினார்கள், மழையும் பிடித்துக்கொண்டது. குழியருகே போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இழுவை வண்டி வர ரெண்டு மணி நேரமாகுமாம்" என்றார் டுவேன்.

வெர்லினால் தாங்க முடியவில்லை. நனைந்துகொண்டே ஜூனி இருந்த காருக்குப் போனார்.

"என்னை மன்னிச்சிரும்மா. கடைசியாக்கூட அவனை ஒழுங்கா கொண்டுவந்து சேர்க்க முடியலயே. இதுக்கா அவன் என்னை நம்பினான்?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஜூனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தாங்க நம்பினார். 'மண்ணுக்குள்ள போக எனக்கு ஒண்ணும் அவசரமில்லடி, வெர்லினை முன்னால விடு, அவன் எப்படியும் என்னை இன்னும் கொஞ்ச நேரம் வெளியில வச்சிருப்பான்'னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்."