போரிக் மாமாவின் கல்யாணப் பரிசு

காளிகாட்டில் கரப்பான்பூச்சிகள்கூடப் பயந்து நடுங்கிய ஒரே தமிழர் எங்கள் கீழ்வீட்டுப் போரிக் மாமாதான். ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெருவின் பெங்காலிப் பிள்ளைகளுக்கு அவர் போரிக் காக்கு, அதாவது போரிக் சித்தப்பா. கிளப் கேரம்போர்டில் அவர் தூவுவதும் போரிக் பவுடர், எங்கள் சமையலறையில் கரப்புக்கு வைப்பதும் அதே போரிக் பவுடர்.

காலையில் காபிக்கு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிடுவார். "போரானுக்கு வெளிவட்டத்துல மூணே எலக்ட்ரான். எப்பவும் குறைதான். யாராவது குடுத்தா வாங்கிக்கும்" என்று டம்ளரை நீட்டுவார். துர்கா பூஜைக் கூட்டத்துக்குப் பயந்து வீட்டை விட்டு நகராத என் அப்பா அம்மாவுக்கு அவர் வைத்த பெயர் ஈயம். "ஈயத்துலயும் இப்படித்தான். ரெண்டு எலக்ட்ரான் ஜோடியா உள்ளேயே உக்காந்துண்டு வெளியில வரவே வராது!" அப்பா அதற்காக அவரிடம் பல நாள் பேசவில்லை. காபி மட்டும் நிற்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் வினை. போட்டோவிலேயே எனக்குப் பையனைப் பிடித்துப்போயிருந்தது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. வந்தவர்கள் கண்ணில் ஒரு கரப்புகூடப் படக் கூடாது என்று மாமா மைதா, சர்க்கரை, போரிக் பவுடர் மூன்றையும் பிசைந்து, அழகாக உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கிவைத்திருந்தார். அம்மா இருந்த பதற்றத்தில் சந்தேஷ் இனிப்புத் தட்டோடு அதையும் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பையனின் அப்பா ஒரு உருண்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனார். மாமா பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சாப்பிடாதீங்கோ! அது கரப்புக்கு!"

சமாளிப்பதாக நினைத்து மாமா பாடம் எடுக்க ஆரம்பித்தார். போரானை முடித்துவிட்டு, தனிம அட்டவணையில் அதன் பக்கத்து வீடான கார்பனுக்கு வந்தவர், பையனின் அம்மா காதைப் பார்த்தார்.

"மாமி, உங்க வைரத் தோடும் பென்சிலுக்குள்ள இருக்கிற கரியும் ஒண்ணுதான். ரெண்டும் கார்பன். அணுக்கள் கைகோத்துக்கற விதம்தான் வேற."

இந்த வரனும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மாமி தோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்னா, இதையா வாங்கித் தந்துட்டு இத்தனை வருஷமா சொல்லிக் காட்டறேள்? ஒரு பென்சிலே வாங்கித் தந்திருக்கலாமே!"

முதலில் சிரித்தது பையன். அப்புறம் எல்லோரும். அன்றைக்கே நிச்சயம் செய்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் மாமா என் கையில் ஒரு சின்ன நகைப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே பட்டுத்துணியில் சுற்றி, குட்டையான ஒரு புதுப் பென்சில். "வைரம் வாங்க எனக்கு வசதியில்லைம்மா. இது அதோட கூடப்பிறந்தது" என்றார்.

மாமா இப்போது இல்லை. கரப்புகள் தைரியமாகத் திரும்பி வந்துவிட்டன. என் வைரத் தோடு மேஜை டிராயரில் எங்கேயோ கிடக்கிறது. பீரோ லாக்கரில், பூட்டுக்குள் இருப்பது அந்தச் சீவாத பென்சில்தான்.