ஆள்காட்டி எழுதிய அறிக்கை

ஒரு காட்டில், அதுவும் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரு காட்டில், கூவலிங்கம் என்றோர் ஆள்காட்டிப் பறவை இருந்தான். நரியோ பாம்போ எந்தப் புதரில் பதுங்கினாலும் முதலில் கண்டு ஊரைக் கூட்டுவது அவன் வழக்கம். அவன் கத்தினால் முயல்கள் ஓடும். கத்தாவிட்டால் நிம்மதியாக மேயும். இதற்காக அவனுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. ஆகவே அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்துவந்தான்.

அந்தக் காட்டில் 'அடைக்கலம்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். யானை கனகசபை அதன் நிர்வாக இயக்குநர். வளை எங்கே, கூடு எங்கே, குட்டி எத்தனை, வீட்டில் ஆளில்லாத நேரம் எது என்று எல்லாவற்றையும் செயலியில் பதிந்துவிட்டால், காட்டுத்தீ வரும்போது வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். தீ வரவில்லை. பதிவு மட்டும் அமோகமாக நடந்தது. காட்டுக்கே நம்பிக்கையான குரல் என்று கூவலிங்கத்தைக் கூப்பிட்டு நற்பெயர் அலுவலர் ஆக்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதும் அவன் நடையே மாறிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, நரிகள் அந்தச் செயலிக்குள் புகுந்து எல்லா முகவரிகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. யானையின் கடவுச்சொல் 'கரும்பு'. அதை மாற்றச் சொல்லிக் கணினிப் பிரிவு பலமுறை கெஞ்சியிருந்தது. யானைக்கு மறதியே கிடையாது என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கும்போது, கஷ்டமான கடவுச்சொல்லை வைத்து அது மறந்துபோனால் தன் மானம் என்னாவது என்று கனகசபை கேட்டுவிட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. யாருக்கெல்லாம் ஆபத்து என்று எவரும் கேட்கவில்லை. "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கனகசபை கேட்டார்.

"இன்னும் வெளியே தெரியலை சார்," என்றான் கூவலிங்கம். "நான் இப்பவே ஒரு கத்து கத்திட்டா எல்லாரும் உஷாராயிடுவாங்க."

யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. "கத்துறதா? லிங்கம், பக்கத்துக் காட்டு மானுங்க மொத்தமும் அடுத்த வாரம் நம்மகிட்ட சேரப்போகுது. நீங்க கத்தினா நரி வந்துடுச்சுன்னு அர்த்தம். கத்தலைன்னா நரியே வரலைன்னு அர்த்தம். அதுக்குத்தானே உங்களை வேலைக்கு வச்சிருக்கோம்?"

"எங்க கூடும் அதுல இருக்கு சார். வடிவு அடைகாத்துக்கிட்டிருக்கா. நாலு முட்டை."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நம்ம அலுவலர் குடும்பமே பதறாம உட்கார்ந்திருக்குன்னா, அதைவிட விளம்பரம் வேற என்ன வேணும்? வதந்தி கிளம்புறதுக்கு முன்னாடி பதமா ஒரு அறிக்கை எழுதி உங்க பேர்லயே போட்டுடுங்க."

தொண்டை வரை வந்த கூவலை விழுங்கிக்கொண்டு கூவலிங்கம் எழுத உட்கார்ந்தான். 'திருட்டு' என்ற சொல் உறுத்தியது. அதை 'அழைப்பில்லாத வருகை' என்று மாற்றினான். 'நரிகள்' என்பதை 'ஆர்வமுள்ள வெளித்தரப்பினர்' ஆக்கினான். "உங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. தகவல்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு இதுவரை எந்த ஆதாரமும் இல்லை" என்று முடித்துக் கீழே தன் பெயரைப் போட்டான். ஆதாரம் எப்படி இருக்கும்? நரிகள் அப்போதுதான் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன.

வடிவிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று பறந்தான். குளக்கரைப் பொட்டலில், கூழாங்கற்களுக்கு நடுவே அவன் மனைவி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் இறங்கி முடிப்பதற்குள் போனைக் காட்டினாள்.

"ஏங்க, இது நீங்க எழுதினதா? முதல்ல பகீர்னு இருந்துச்சு. படிச்சு முடிச்சதும் மனசே லேசாயிடுச்சு. முயல் வீட்டுக்காரங்ககூட உங்க பேரைப் பார்த்த பிறகுதான் மேயக் கிளம்பினாங்க."

சொல்லிவிட வாயைத் திறந்தான். ஆனால் தான் எழுதியதைக் கட்டிய மனைவியே வாய்விட்டுப் பாராட்டும்போது, அது பொய் என்று சொல்ல எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்?

"ஏதோ நம்மால ஆனது," என்றான்.

"அப்ப நான் அக்கரைக்குப் போய் ரெண்டு புழு தின்னுட்டு, குளத்துல நெஞ்சை நனைச்சுட்டு வந்துடறேன். வெயில்ல முட்டையெல்லாம் சுடுது, ஈர நெஞ்சோட உட்கார்ந்தாத்தான் ஆறும். பார்த்துக்குங்க."

அவள் போனதும் போன் அலறியது. முயல் ஒருத்தர் அலுவலகத்துக்கே வந்து சந்தேகம் கேட்கிறாராம். உடனே வந்து சமாதானம் சொல்ல வேண்டுமாம். போய்விட்டு ஓடிவந்துவிடலாம் என்று கூவலிங்கம் பறந்தான். சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்பியபோது பொட்டலில் வெறும் ஓடுகள் கிடந்தன.

அப்போது கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். மேய்ந்துகொண்டிருந்த முயல்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தன. அவசரமாகப் போனைத் திறந்து அறிக்கையை இன்னொரு முறை படித்தன. "அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே. பாவம், பழைய பழக்கம் விடலை போல" என்று சொல்லிவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தன. அவற்றுக்குப் பின்னால் புதர் அசைந்தது.

வடிவு நெஞ்சில் நீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். ஓடுகளைப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலேருந்து," என்றான். வெட்கத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுபடியும் போன். கனகசபைதான். "லிங்கம், பொட்டல் பக்கம் யாரோ கத்துறாங்களாம். மானுங்க பயப்படுது. சட்டுனு ஒரு மறுப்பு எழுதிப் போட்டுடுங்க."

வடிவு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று தெரியாததால் கூவலிங்கம் எழுதினான். நன்றாகவே எழுதினான்: "இன்று கேட்ட கூவல், ஊழியர் ஒருவரின் சொந்தக் குடும்ப விஷயம். அடைக்கலத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை."

நீதி: முட்டையை அடுத்த பங்குனியிலும் இட்டுக்கொள்ளலாம், நிறுவனத்தின் பெயர் கெட்டால் பெயர்ப்பலகை, லெட்டர்பேடு, டீக்கோப்பை எல்லாவற்றையும் அல்லவா மாற்ற வேண்டும்!