ம் சொல்லப் பழகிய கதைக்கள்ளர்

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போன எவரும், ஒரு கதையைப் பறிகொடுக்காமல் மேலே வந்ததில்லை. பறித்தவர் ஒரு ஜேர்மன்காரக் கிழவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கதைக்கள்ளர்.

இளமையில் தன் நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பழங்கதைகளைப் பதிந்தவராம். மகளோடு ரொறன்ரோவுக்கு வந்தும் அந்தக் குணம் போகவில்லை. தமிழும் புத்தகத்தில் படித்திருந்தார். மெஷினில் உடுப்புச் சுற்றும் நேரம் பார்த்து வந்து, சின்ன ரெக்கோடரை நீட்டி, "அம்மையீர், தங்களிடம் கதை உண்டோ?" என்பார்.

முதலில் அகப்பட்டவர் பக்கத்து வீட்டு மணி அக்கா. நரிக் கதையைத் தொடங்கினார். கிழவர் கண்ணை மூடிக் கல்லுப்போல இருந்தார். மணி அக்கா பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்ன, நித்திரையோ? ஒரு ம் சொன்னால் குறைஞ்சு போவியளோ? நான் என்ன, சுவருக்கே கதை சொல்லுறன்?"

பதிபவரின் குரல் பதிவில் விழக்கூடாது, அதுதான் தன் தொழிலின் ஒழுங்கு என்றார் கிழவர்.

"உந்த ஒழுங்கை உங்கட ஊரிலை வையுங்கோ. ம் இல்லாட்டி எனக்குக் கதை வராது."

அன்றைக்குப் பழகிய ம் அவரை விட்டுப் போகவேயில்லை. லிப்ற்றிலும் ம், தபால் பெட்டியடியிலும் ம். கீழ்த்தளத்தில் வந்து குந்தியிருக்கக் கூடாதென்று கட்டடப் பொறுப்பாளர் ஒருநாள் ஏச வந்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் கிழவர் ம் போட, ஏச வந்த மனிசன் தன் மனைவி பிரிந்துபோன கதையைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நான் மட்டும் அகப்படவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, கூச்சம் வேறு. அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் கூடையோடு இறங்குவேன். ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது. கிணற்றுக்குள் வீடு கட்டிய நண்டின் கதை. அம்மா எனக்கு மட்டும் சொன்னது. அஜக்ஸ் நகரில் இருக்கும் என் பிள்ளைகளுக்குக் கேட்க நேரமில்லை. என்னோடு அதுவும் போய்விடுமே என்று பயமாக இருந்தது.

கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகப் போகிறார் என்று மணி அக்கா சொன்ன அன்று, வெறுங்கூடையோடு இறங்கிப் போனேன்.

"ஐயா, என்னட்டையும் ஒண்டு கிடக்கு."

நடுவழியில் கதை மறந்துபோயிற்று. "மறந்துபோனன், ரெக்கோடரை நிப்பாட்டுங்கோ" என்றேன். அவர் நிறுத்தவில்லை. "ம்" என்றார். காத்திருந்தார். திரும்பவும் "ம்". நண்டு மெல்லமெல்லக் கிணற்றை விட்டு ஏறி வந்தது.

போன மாதம் அவர் காலமானார். மகள் பதிவின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை மணி அக்காதான் எனக்கு விளங்கப்படுத்தினார். அப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கதைகளில் அவருடைய குரலே இல்லையாம். எங்கள் கீழ்த்தளத்தில் பதிந்தவற்றில் மட்டும்தான் இருக்கிறதாம்.

போட்டுக் கேட்டேன். என் கதை முடிந்த பிறகும், கடைசியில் ஒரு ம் கிடக்கிறது. பிறகு என்ன என்று கேட்கிற மாதிரி.

மனிசன் காத்துக்கொண்டிருக்கிறார். நானும் இன்னொரு கதை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.